மீனும் அன்னமும்: சிங்கப்பூரில் உயிருருவ விரலணிகள்

அணிகலன்களில் உயிரினங்களின் உருவை அமைத்தல் தமிழரிடையே தொன்றுதொட்டு வரும் மரபாகும். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி அணிந்த விரலணிகளுள், வாளைமீனின் திறந்த வாயைப் போன்று செய்யப்பட்ட மோதிரம் ஒன்று இடம்பெறுகிறது. அக்காதைக்கு உரை வரைந்த அடியார்க்குநல்லார், கால்விரல்களுக்குரிய அணிகளாக மகரவாய் மோதிரம், பீலி முதலியவற்றைச் சுட்டுகிறார். இம்மரபின் எளிய தொடர்ச்சியாகவே அண்மைக் காலத்து மீன் மெட்டிகளை நாம் கருதுகிறோம்.

மெட்டி வெள்ளியால் ஆனது. பொன்னைத் திருமகளாகப் போற்றி, அதனை இடைக்குக் கீழ் அணியாது விடுதல் இந்துத் தமிழரிடையே பரவலான வழக்கமாகும். அம்மி மிதிக்கும் சடங்கின்போது மணமகன் மணமகளின் கால்விரலில் மெட்டியை அணிவிக்கிறான். அதில் பொறிக்கப்படும் மீன் வளத்தின் குறியீடாகக் கொள்ளப்படுகிறது. கடல் கடந்து சிங்கப்பூர் வந்த தமிழ்க் குடும்பங்கள் இச்சடங்கையும் உடன் கொணர்ந்தன.

இவற்றைச் செய்யும் கைவினைஞர் இப்பகுதிக்குப் புதியவர் அல்லர். தாய்லாந்தின் தென்பகுதியில் குவான் லுக் பட் என்னுமிடத்தில் கிடைத்த பொன் உரைக்கும் கல்லொன்றில், கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ் எழுத்துகள் உள்ளன. அக்கல் பெரும்பத்தன் என்பானுக்கு உரியது என அறிஞர் படித்துள்ளனர். பொற்கொல்லரைப் பத்தர் என்று அழைக்கும் வழக்கு தமிழரிடையே இன்றும் உண்டு. தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் நகைத்தொழில் வேரூன்றியதை இந்நெடிய பின்னணியில் வைத்து நோக்குதல் பொருந்தும்.

ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புழங்கிய வெள்ளி விரலணிகள் விரைந்து மறைந்து வருகின்றன. கால்விரலில் கிடக்கும் மெட்டி, தரையில் உராய்ந்து நாளடைவில் தேயும். தேய்ந்ததைக் கடையில் எடைக்குக் கொடுத்துப் புதியதை வாங்குவர், பழையது உருக்கப்படும். பொன்னணியைப் போல் அதனைச் சேமித்து வைப்பார் அரியர். செய்தவர் பெயரும் அதில் பெரும்பாலும் இராது.

ஓர் அணி மறைந்த பின்னரும் அதன் வரலாறு எவ்வாறு எஞ்சக்கூடும் என்பதற்குச் சிங்கப்பூரிலேயே தக்க சான்று உண்டு. 1928ஆம் ஆண்டில் ஃபோர்ட் கேனிங் குன்றில் நீர்த்தேக்கம் அமைக்கத் தோண்டிய தொழிலாளர், 14ஆம் நூற்றாண்டைச் சார்ந்த கிழக்குச் சாவகப் பாணிப் பொன்னணிகளைக் கண்டெடுத்தனர். அவற்றுள் அன்னத்தின் உருவம் பொறித்த மோதிரம் ஒன்றும் இருந்தது. அன்னம் பிரமனின் ஊர்தியாகும். ரிச்சர்ட் வின்ஸ்டெட் அவ்வாண்டிலேயே இவ்வணிகளைப் பற்றி எழுதி, அரச ஆசியக் கழக மலாயாக் கிளையின் இதழில் வெளியிட்டார். பின்னர் சப்பானியர் ஆட்சிக் காலத்தில் (1942–1945) அவ்வணிகளுள் பல காணாமற்போயின. கீர்த்திமுகம் பொருந்திய கையணியும் காதணிகளுமே எஞ்சின. அன்ன மோதிரத்தை நாம் இன்று அறிவது வின்ஸ்டெட் எழுதி வைத்ததனால்தான்.

பொன்னுக்குக் கிடைத்த இப்பேறு வெள்ளிக்கும் கிடைத்தல் வேண்டும். 2015ஆம் ஆண்டில் லிட்டில் இந்தியாவின் கேம்பல் சந்தில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம், செட்டியார்களின் பொற்கழுத்துரு போன்ற சிறப்புமிக்க அணிகளைப் பேணி வருகிறது. செல்வர் அணிந்த பொன் ஒரு சமூகத்தின் வரலாற்றில் ஒரு பகுதியே. உழைக்கும் பெண்டிரின் கால்விரலில் தேய்ந்த வெள்ளி மற்றொரு பகுதியாகும்.

இப்பணியில் தமிழாசிரியர்கள் பெரிதும் உதவ முடியும். மாணவர் தம் பாட்டியரின் மெட்டியையோ மோதிரத்தையோ படமெடுத்து, அதன் எடை, உருவம், வாங்கிய இடம், அணிவித்தவர், வழங்கும் பெயர் ஆகியவற்றைப் பாட்டியரின் சொற்களிலேயே எழுதி வருமாறு பணிக்கலாம். உரையாசிரியர் ஒருவர் பெயர்களைக் குறித்து வைத்தமையால் மகரவாய் மோதிரத்தை அறிகிறோம். மீன் மெட்டி உருக்குலைக்குச் செல்லும் முன்னர் அதனைக் குறித்து வைப்பது நம் தலைமுறையின் கடனாகும்.