ஐம்பது காசும் ஐம்பத்துநான்கு சதமும்



வெளிநாட்டுப் பணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வந்தது என்று பட்டியல் போடுவார்கள். அனுப்பியவர் எந்த நிலையில் சம்பாதித்தார் என்பது பட்டியலில் இருக்காது. நூறாண்டுக்கு முன் இலங்கையிலிருந்தும் மலேயாவிலிருந்தும் தென்னாற்காட்டுச் சேரிகளுக்கு வந்த பணத்தை ஒப்பிட்டால், விடுபட்டது என்ன என்று தெரியும்.

முதலில் இங்கிருந்த நிலை. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டில் 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் வழிகாட்டலில் ஓர் ஆய்வு நடந்தது. 1918இல் நூலாக வந்த அது, அங்கிருந்த படியாள்களைப் பதிவு செய்தது. கல்யாணத்துக்கு வாங்கிய கடன் தலைமுறை தாண்டியும் ஆளை நிலக்காரரோடு கட்டி வைத்தது. கூலியைத் தானியமாக அளந்தால் கடனைக் காசாக அடைப்பது எப்படி? திண்டிவனத்தில் ரயிலேறி, சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ பினாங்குக் கப்பலைப் பிடித்தவர்கள் அந்தக் காசைத் தேடித்தான் போனார்கள்.

போன இடத்திலும் கடன் காத்திருந்தது. இலங்கையில் பயணச் செலவையும் முன்பணத்தையும் கங்காணி ஆளின் கணக்கில் எழுதினார். கடனை அடைத்தால்தான் வேறு தோட்டத்துக்குப் போக முடியும் என்ற 'துண்டு' முறை 1921 வரை சட்டப்படி நீடித்தது. மலேயாவிலும் கங்காணி இருந்தார். ஆனால் அங்கே 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி முதலாளிகளிடம் வரி வாங்கிப் பொதுநிதி அமைத்தார்கள். கப்பல் செலவை அந்த நிதி ஏற்றது. இலங்கையில் அப்படியொரு நிதி வர 1923 ஆயிற்று. இந்தப் பதினாறு ஆண்டு இடைவெளியில், மலேயா போனவரின் கூலி வீட்டுக்கு வர வழியிருந்தது. இலங்கை போனவரின் கூலி முதலில் கங்காணிக்குப் போயிற்று.

அடுத்து, கூலி. 1920களின் இறுதியில் மலேயாவின் முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு. இலங்கை மலைத்தோட்டங்களில் 54 சதம். கேட்டால் இலங்கைதான் அதிகம் என்று தோன்றும். ஆனால் மலேயாக் காசு வெள்ளியில் நூறில் ஒன்று. இலங்கைச் சதம் ரூபாயில் நூறில் ஒன்று. அன்றைய மாற்று விகிதத்தில் ஒரு வெள்ளி சுமார் ஒன்றரை ரூபாய். ஊருக்கு வரும்போது 50 காசு 12 அணாவைத் தாண்டியது. 54 சதம் எட்டரை அணாதான். இலங்கையில் தோட்டம் தந்த அரிசியின் விலையையும் கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

ஆனால் இலங்கைக்குக் குடும்பத்தோடு போனார்கள். பெண்ணும் பிள்ளையும் உழைத்தார்கள். உழைத்ததை அங்கேயே உண்டார்கள். மிச்சத்தை மண்டபம் வழியாக மடியில் முடிந்து கொண்டுவந்தார்கள். அந்தப் பணம் எந்தத் தபால் கணக்கிலும் ஏறவில்லை. மணியார்டரை மட்டும் எண்ணினால் இலங்கைத் தொழிலாளி ஊரை மறந்தவராகத் தெரிவார். அது கணக்கின் பிழை.

இரண்டு வழிகளும் அரசியலால் அடைபட்டன. மலேயாவில் கூலியை வெட்டியபோது, 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வை நிறுத்தியது. 1939இல் இலங்கைக்கும் தடை வந்தது. 1942இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மலேயாப் பணம் அறுந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது; 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. பணம் அனுப்பிய தேசத்திலும் பணம் வந்த தேசத்திலும் அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

இன்றைய பட்டியலுக்கு வருவோம். ரிசர்வ் வங்கிக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவுக்கு வரும் பணத்தில் ஐக்கிய அரபு அமீரகத்தின் பங்கு 2016-17இல் 26.9 சதவீதம், 2023-24இல் 19.2. அமெரிக்காவின் பங்கு 22.9இலிருந்து 27.7 ஆனது. இதை முன்னேற்றம் என்று கொண்டாடுகிறார்கள். கம்ப்யூட்டர் வேலைக்காரர் அனுப்பும் டாலரும், ஏஜெண்டுக்கு வட்டிக் கடன் கட்டிவிட்டுக் கட்டடத் தொழிலாளி அனுப்பும் திர்ஹாமும் அங்கே ஒரே நெடுவரிசையில் நிற்கின்றன. வங்கிகளிடம் எடுத்த கணக்கு அது. சாதிக்கு அதில் இடமில்லை. ஏஜெண்டின் கடன் பழைய துண்டின் பேரப்பிள்ளை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டி வீட்டுத் தகரப் பெட்டியில் மணியார்டர் துண்டு, கப்பல் சீட்டு, நிலம் வாங்கிய பத்திரம் இருக்கலாம். செல்லரிக்கும் முன் படமெடுத்து வையுங்கள். மலேயாப் பணத்தில் வாங்கிய அரைக்காணி எது, அதனால் படியாள் வேலையை விட்ட வீடு எது என்று கேட்டு எழுதுங்கள். அரசாங்கம் விட்ட நெடுவரிசையை நாம்தான் நிரப்ப வேண்டும்.