பத்தயத்துச் சாவி யார் கையில? நாஞ்சில் நாட்டு வீட்டுச் சாமான்களின் கதை

போன எபிசோடுல கோட்டை, பீரங்கின்னு போயிட்டோம். இந்த முறை வீட்டுக்குள்ள வருவோம். நாஞ்சில் நாட்டுப் பழைய வீட்டுல என்னென்ன சாமான் இருந்துச்சு, அது ஏன் அப்படி இருந்துச்சுங்கிறதுதான் விஷயம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். மேசை, நாற்காலி, சோபான்னு தேடுனா பழைய வீட்டுல ஏமாந்துதான் போவீங்க. நம்ம ஆளுங்களுக்கு முக்கியமான ஃபர்னிச்சர் தரைதான். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவங்களுக்குத் தெரியும், அந்தக் கறுப்புத் தரை கண்ணாடி மாதிரி மின்னும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேத்துப் போட்டதுன்னு சொல்லுவாங்க. வெயில் காலத்துல அதுல உக்காந்தா சொகமா குளுகுளுன்னு இருக்கும். கொரியாவுல இதே கதை தலைகீழா நடக்குது. அங்க பழைய வீடுகள்ல அடுப்புப் புகையைத் தரைக்கு அடியில ஓடவிட்டு, கல்லைச் சூடாக்குவாங்க. அந்த ஏற்பாட்டுக்குப் பேரு ஓண்டோல். குளிருக்கு இதமா ஆளுங்க தரையிலயே இருந்ததால அலமாரி, மேசை எல்லாமே குட்டையாப் போச்சு. அவங்களுக்குத் தரைச் சூடு, நமக்குத் தரைக் குளிர்ச்சி. ரெண்டு ஊர்லயும் ஆளு கீழதான் உக்காந்தான்.

அரண்மனையைப் பத்தி நிறைய பேரு பேசியாச்சு. பூமுகத்துக் கூரையில செதுக்கின 90 வகைப் பூ, அங்கயே தொங்குற குதிரை விளக்கு, சீன வியாபாரிங்க கொடுத்த நாற்காலி, 64 வகை மூலிகை மரத்துல செஞ்சதா கைடு சொல்ற கட்டில். எல்லாமே பாக்க வேண்டியதுதான். ஆனா அது ராஜா வீடு. தக்கலைக்குப் பக்கத்துல இருந்தாலும் இன்னைக்கும் கேரள அரசு தொல்லியல் துறைதான் அதைப் பாத்துக்குது. அதனால ஒரு ஆணிகூட அசையாம இருக்கு. சாதாரண சம்சாரி வீட்டுச் சாமானுக்கு அந்த மாதிரி காவல் கிடையாது.

சம்சாரி வீட்டுல பெரிய சாமான்னா அது பத்தயம்தான். நெல்லு போட்டு வைக்கிற மரப்பெட்டி. பலா, ஆஞ்சிலி மாதிரி மரத்துல பலகைகளைப் பள்ளத்துக்குள்ள செருகிச் செருகி எழுப்புவாங்க. தேவைப்பட்டா கழட்டி, இன்னொரு அறைக்குள்ள கொண்டுபோய் மாட்டலாம். இன்னைக்கு நாம பெட்டியில வாங்கி வீட்டுல வச்சு மாட்டுற ஃபர்னிச்சருக்கு முந்தின தலைமுறைன்னே சொல்லலாம், ஆனா எடை மட்டும் எக்கச்சக்கம். கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு போகமும் அறுத்த நெல்லு அதுக்குள்ளதான் போகும். ராத்திரி அதுமேலயே பாயை விரிச்சுப் படுத்துக்குவாங்க. கட்டிலாச்சு, காவலுமாச்சு.

கொரியாவுலயும் அரிசிப் பெட்டி உண்டு, ‘துவிஜு’ன்னு பேரு. 1762-ல ராஜா யோங்ஜோ தன் மகன் சாடோவை அந்தப் பெட்டிக்குள்ள அடைச்சு வச்சுக் கொன்னுட்டாரு. எட்டு நாள் உள்ள கிடந்து செத்துப்போனான். சோத்துப் பெட்டி அதிகாரத்தோட பெட்டியாவும் இருந்துருக்கு.

நம்ம ஊருலயும் அதிகாரம் பத்தயத்துச் சாவியிலதான் இருந்துச்சு. நாஞ்சில் நாட்டு வேளாளர்ல மருமக்கள் வழிக் குடும்பங்கள் இருந்துச்சு இல்லையா? சொத்து மகனுக்குப் போகாது, சகோதரி பிள்ளைகளுக்குப் போகும். குடும்பத்துல மூத்த ஆண், காரணவர், சாவியை வச்சிருப்பாரு. அவரு பொண்டாட்டி, பிள்ளைங்களுக்கு அந்த வீட்டு நெல்லுல என்ன உரிமை? கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை எழுதின ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ அப்படியொரு காரணவர் மனைவியோட வாயிலாத்தான் பேசுது. சிரிக்க வைக்கிற மாதிரி இருக்கும், படிச்சு முடிச்சா சிரிப்பு வராது. 1926-ல திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் கொண்டுவந்து, பாகம் பிரிக்க வழி வந்துச்சு. பிள்ளைங்களுக்கு நியாயம் கிடைச்சது. கூட்டுக் குடும்பத்துக்குன்னு செஞ்ச சாமான்களுக்குத்தான் இடமில்லாமப் போச்சு. அறை அறையா பங்கு போட்ட வீட்டுல அவ்வளவு பெரிய பத்தயத்தை எங்க வைக்க?

இதுவரைக்கும் சொன்னது வசதி இருந்தவங்க கதை. இன்னொரு பக்கமும் இருக்கு. திருவிதாங்கூர்ல ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்க ஓடு போட்ட வீடு கட்டக்கூடாது, மாடி எழுப்பக்கூடாதுன்னு தடை இருந்த காலம் அது. கையில காசு வந்தாலும் ஓலைக் கூரைதான். மேல் சாதிக்காரர் திண்ணையில அவங்க உக்காரவும் முடியாது. அதனால மியூசியத்துல ‘பாரம்பரிய வீட்டுச் சாமான்’னு வரிசையா வச்சிருக்கிறதைப் பாக்கும்போது ஒண்ணைக் கேட்டுக்கணும்: யாரோட பாரம்பரியம்? ஓலை வீட்டுல இருந்த உறி, பனையோலைப் பெட்டி, கோரம்பாய் எல்லாம் மக்கிப்போயிடும். மரமும் பித்தளையும் நிலைச்சு நிக்கும். யாருகிட்ட மரமும் பித்தளையும் இருந்துச்சோ, அவங்க கதைதான் மிச்சம்.

அலங்காரத்துலயும் இந்தச் சண்டை உண்டு. 1820-கள்ல நாகர்கோவில் மிஷன் பள்ளிக்கூடத்துல மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைங்களுக்கு லேஸ் பின்னக் கத்துக்கொடுத்தாங்க. அந்த வருமானத்துல சில அடிமைப் பெண்கள் பணம் கட்டித் தங்களை மீட்டுக்கிட்டாங்க. மேசை விரிப்போட ஓரத்துல தொங்குற அந்தப் பூ வேலையை இதுக்கப்புறம் சும்மா அலங்காரம்னு என்னால பாக்க முடியல. அரண்மனையில இருக்கிற 90 பூவைவிட எனக்கு இதுதான் பெருசு.

இப்போ நெல்லு வயல் குறைஞ்சு, வாழையும் ரப்பரும் வீட்டுமனையும் ஆகிப்போச்சு. நெல்லு இல்லாத வீட்டுல பத்தயம் எதுக்கு? பழைய மரம் வாங்குறவங்க வந்து பலகை கணக்குல விலை பேசி எடுத்துட்டுப் போறாங்க. எங்கயாவது ரிசார்ட்டுல டீ மேசையா நிக்குது.

உங்க வீட்டுல, இல்ல ஆச்சி வீட்டுல பத்தயம் இன்னும் இருக்கா? விக்கிறதுக்கு முந்தி நாலு போட்டோ எடுத்து அனுப்புங்க. மூடியோட பூட்டு இருக்கிற இடத்தையும் சேத்து எடுங்க. சாவி கடைசியா யார்கிட்ட இருந்துச்சுன்னு வீட்டுல கேட்டு, அதையும் ரெண்டு வரி எழுதி அனுப்புங்க.