பெற்றோலை மறித்து நிற்கும் பித்தளை முளை

மோட்டார் வண்டியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் எஞ்சினின் வலிமையையும் ஓட்டத்தின் வேகத்தையும் பற்றியே பேசுவர். வண்டி ஓடாது நிற்கும்போது அதனைக் காத்து நின்ற உறுப்புகளைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அத்தகைய உறுப்புகளுள் ஒன்று, தாங்கியிலிருந்து இறங்கும் பெற்றோலைத் திறக்கவும் மூடவும் அமைந்த சிறு அடைப்பான். உள்ளங்கைக்குள் அடங்கும் பித்தளைப் பொருள் அது. எனினும் ஒரு தலைமுறையைச் சேர்ந்த சாரதிகளின் உயிரும் உடைமையும் அதன் கையில் இருந்தன.

1927ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் போர்ட் நிறுவனம் தனது ‘மொடல் ஏ’ வண்டியை அமெரிக்க மக்கள் முன் வைத்தது. அதற்கு முன்னர் 1908ஆம் ஆண்டு தொடக்கம் 1927 வரை அந்நிறுவனம் செய்த ‘மொடல் ரி’ வண்டிகளின் தொகை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டது. இவ்விருவகை வண்டிகளிலும் பெற்றோலை எஞ்சினுக்குக் கொண்டுசெல்லப் பம்பி எதுவும் இருக்கவில்லை. மேட்டிலுள்ள குளத்து நீர் பள்ளத்து வயலுக்குப் பாய்வது போல, உயரத்தில் அமைந்த தாங்கியிலிருந்து பெற்றோல் தன் பாரத்தினாலேயே கீழிறங்கிக் காபுரேற்றரை அடைந்தது. பழுதுபடப் பம்பி இல்லை. எனவே பழுதும் இல்லை. மலிவான வண்டிக்கு இதனினும் எளிய வழி வேறில்லை எனலாம்.

ஆயினும் எளிமைக்கும் ஒரு விலை உண்டு. மொடல் ரி வண்டிகளிற் பெரும்பாலானவற்றில் தாங்கி முன்னிருக்கையின் கீழ் இருந்தது. தாங்கியில் எண்ணெய் குறைந்திருக்கும் வேளையில் செங்குத்தான ஏற்றத்தில் வண்டி ஏறினால், எஞ்சின் உயர்ந்து தாங்கி தாழ்ந்துவிடும், பெற்றோல் வராது. அப்போது சாரதிகள் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மலையேறினர். இக்குறையைக் களையவே மொடல் ஏ வண்டியில் தாங்கியை எஞ்சின் அறைக்குப் பின்னே, முன்கண்ணாடிக்குச் சற்றுக் கீழே உயர்த்தி வைத்தனர். ஏற்றத்தின் தொல்லை நீங்கியது. ஆனால் ஏறத்தாழ 38 லீற்றர் பெற்றோல் கொள்ளும் தாங்கி, முன்னிருக்கையில் அமர்ந்தவர்களின் முழங்கால்களுக்கு மேலே வந்து நின்றது. பெற்றோலை நிறுத்தும் அடைப்பானும் பெரும்பாலான வண்டிகளில் உள்ளேயே, கருவிப் பலகையின் கீழ் அமைந்தது.

அவ்வடைப்பான் எதற்காக? காபுரேற்றரினுள் ஒரு மிதவையும் அதனோடு அசையும் ஓர் ஊசியும் உண்டு. பெற்றோல் வேண்டிய மட்டத்துக்கு வந்ததும் மிதவை எழுந்து, ஊசி வழியை அடைத்துவிடும். ஒரு மணல் துகள் அவ்வூசியின் அடியில் சிக்கினாலோ வழி முற்றாக அடைபடாது. வண்டி ஓடும்போது இதனால் பெருங்கேடு இல்லை. இரவில் கொட்டகையில் நிற்கும்போது, தாங்கியிலுள்ள பெற்றோல் துளித்துளியாக வழிந்து நிலத்திற் பரவும். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடும் இயல்புடையது. அவ்வாவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. மேலெழுந்து கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து செல்லும். எங்கோ ஒரு மூலையில் எரியும் விளக்கு அதற்குப் போதும். ஆகவே, வண்டியை நிறுத்தியதும் அடைப்பானை மூடுவது சாரதியின் அன்றாடக் கடமையாயிற்று. வீட்டை விட்டுப் புறப்படுவோர் அடுப்பை அணைத்தோமா என்று பார்ப்பது போன்ற பழக்கம் அது.

இவ்வடைப்பானின் அமைப்பு மோட்டார் வண்டியைவிடப் பன்னூறு ஆண்டுகள் பழமையானது. குறுக்கே துளையிட்ட ஒரு முளை, அதனை இறுகப் பற்றி நிற்கும் ஓர் உடல்: இவ்வளவே அதன் இரகசியம். முளையின் துளை குழாயோடு நேர்ப்படும்போது வழி திறக்கும். கால் வட்டம் திருப்பினால் வழி அடையும். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேயி நகரின் நீர்க்குழாய்களிலும் இவ்வாறு முளை திருப்பி மூடும் வெண்கல அடைப்பான்கள் கண்டெடுக்கப்பட்டன. உரோமர் நீருக்கு வகுத்த முறையையே, பின்வந்தோர் முளையைக் கூம்பு வடிவாக்கிப் பெற்றோலுக்கும் கொண்டனர். ஆனால் நீர் கசிந்தால் தரை நனையும். பெற்றோல் கசிந்தால் வீடே எரியக்கூடும்.

இனி, இவ்வடைப்பான் கசிவது ஏன் என்று பார்ப்போம். இதன் உள்ளே தோலோ இரப்பரோ இல்லை. உலோகம் உலோகத்தோடு ஒட்டி நிற்பதே அடைப்பு. தாங்கியின் அடியிற் படிந்த துருவும் மணலும் பெற்றோலோடு வந்து இரு பரப்புகளுக்குமிடையே புகும்போது, ஒவ்வொரு திருப்பலிலும் மெல்லிய கீறல்கள் விழுகின்றன. அக்கீறல்களே காலப்போக்கில் கசிவின் கால்வாய்கள் ஆகின்றன. கசிவைக் கண்டவுடன் பலரும் செய்வது, முளையைப் பிடித்திருக்கும் மரைச்சுரையை மேலும் இறுக்குவதே. சில நாட்களுக்குக் கசிவு நிற்கும். ஆயினும் கீறல் கீறலாகவே இருக்கும். இறுகிய முளையைத் திருப்ப வன்மை வேண்டும். வன்மையாற் புதிய கீறல்கள் விழும். ஈற்றில் அடைப்பானும் போய், அதனைத் தாங்கிய குழாயும் முறுக்குண்டு போகும்.

பழந்தொழிலாளர் கண்ட வழி வேறு. முதலில் வண்டியை வெளியே நிறுத்தி, மின்கலத்தின் தொடர்பை நீக்கி, அருகில் நெருப்பில்லை என்பதை உறுதிசெய்து, தாங்கியிலுள்ள பெற்றோல் முழுவதையும் வடித்தெடுப்பர். பின்னர் அடைப்பானைக் கழற்றி முளையை உருவி, மண்ணெண்ணெயிற் கழுவி வெளிச்சத்திற் பார்ப்பர். மினுமினுப்பு ஓரிடத்திலும் கருமை வேறோரிடத்திலும் இருந்தால், இரு பரப்புகளும் முழுமையாகத் தொடவில்லை என்பது விளங்கும். மிக நுண்ணிய தேய்ப்புப் பசையை முளையிற் சிறிதளவு பூசி, அதன் உடலிலேயே பொருத்தி, முன்னும் பின்னுமாக மெல்லத் திருப்புவர். இடையிடையே முளையை உயர்த்தி இடம் மாற்றுவர். ஒரே இடத்தில் தேய்த்தால் புதிய வரைகள் உண்டாகும். முளை முழுவதும் ஒரே சாம்பல் நிறம் பெறும்போது வேலை முடிந்தது. அதற்கு மேல் தேய்ப்பது தவறு. கூம்பு ஆழமாக இறங்கிவிட்டால் முளையின் துளையும் குழாயின் துளையும் நேர்ப்படாமற் போகும். பசையின் துகள் ஒன்றும் எஞ்சாதவாறு கழுவுதலும் இன்றியமையாதது. மென்மையான பித்தளையிற் பதிந்த துகள், பழைய நோயை மீண்டும் தொடக்கிவிடும்.

பின்னர்ச் சோதனை. அடைப்பானை மூடி ஒரு புறம் மண்ணெண்ணெய் ஊற்றி, மறுபுறம் வெள்ளைத் தாளை விரித்து ஓரிரவு விட்டுவைப்பர். காலையில் தாளிற் கறை இல்லையெனில் அடைப்பான் மீண்டும் வண்டியில் ஏறலாம்.

இங்கிலாந்தின் பழைய மோட்டார்ச் சைக்கிள்கள் பலவற்றில் உலோக முளைக்குப் பதிலாகத் தக்கை முளை இருந்தது. பெற்றோலின்றி நெடுநாள் நின்றால் தக்கை உலர்ந்து சுருங்கும், கசிவு தோன்றும். அதனைச் சுடுநீரில் ஊறவைத்துப் பருக்கச் செய்வது தொழிலாளர் அறிந்த மருத்துவம். மூட்டுகளுக்கு அரக்குப் பூசுவதும் பழைய வழக்கமே. ஆனால் அரக்கு மதுசாரத்திற் கரையும். 2021ஆம் ஆண்டு முதல் பிரித்தானியாவிற் பரவலாக விற்கப்படும் பெற்றோலில் நூற்றுக்குப் பத்து வரை மதுசாரம் கலந்திருப்பதால், பாட்டன் காலத்தில் நின்ற கசிவு பேரன் காலத்தில் மீண்டும் தொடங்குகிறது. மருந்து மாறவில்லை; எண்ணெய் மாறிவிட்டது.

1932ஆம் ஆண்டில் போர்ட் நிறுவனத்தின் புதிய வண்டிகளில் தாங்கி பின்புறம் சென்றது. பெற்றோலை இழுத்துத் தரப் பம்பி வந்தது. எஞ்சின் நின்றால் பம்பியும் நிற்கும். தாழ இருக்கும் தாங்கியிலிருந்து பெற்றோல் தானே ஏறி வராது. எனவே சாரதி நாள்தோறும் மூடவேண்டிய அடைப்பானுக்கு வேலை இல்லாமற் போயிற்று. மனிதனின் கையில் இருந்த பொறுப்பு இயந்திரத்தின் அமைப்புக்குள் மறைந்தது. அதனால் விளைந்த நன்மை பெரிது. மறதி மனிதனுக்கு இயல்பு. அவன் மறந்தாலும் தீங்கு நேராத அமைப்பே சிறந்த அமைப்பு.

ஆயினும், இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மொடல் ஏ வண்டிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. அவற்றை வைத்திருப்போர் அப்பழைய கடமையையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கின்றனர். தேய்த்துப் பொருத்தக்கூடிய முளையைத் தேய்த்துப் பொருத்துவது பழமைக்குச் செய்யும் மரியாதை. வெடிப்பு விழுந்ததையும் தேய்ந்து ஆழ இறங்கியதையும் நீக்கிவிட்டுப் புதியதை வைப்பது அவ்வண்டியில் ஏறுவோருக்குச் செய்யும் மரியாதை. இவ்விரண்டுள் எது எப்போது வேண்டும் என்று அறிவதே பழம்பொருளைப் பேணுவோரின் கல்வியாகும். கண்ணாடியிற் பூட்டிவைக்கும் பொருளுக்குப் பழமை மட்டும் போதும். மனிதரை ஏற்றிச் செல்லும் பொருளுக்கு நம்பிக்கையும் வேண்டும்.