கனோசாவில் மூன்று நாட்கள்

அக்காலத்தில் ஜெர்மனி நாட்டுப் பிஷப்புகள் நிலமும் படையும் உடைய பிரபுக்கள். அவர்களை நியமிக்கும் உரிமை அரசருக்கா, போப்பாண்டவருக்கா? இவ்வழக்கில் மன்னர் நான்காம் ஹென்றி, 1076 ஜனவரியில் போப் ஏழாம் கிரெகோரியைப் பதவி துறக்குமாறு பணித்தார். போப்போ அடுத்த மாதமே மன்னரைத் திருச்சபையினின்று விலக்கி, குடிகளை அவருக்குச் செய்த சத்தியத்தினின்றும் விடுவித்தார். அச்சொல் ஒன்றால் பிரபுக்கள் பலர் மன்னரைக் கைவிடத் துணிந்தனர்!

1077 ஜனவரியில் ஹென்றி ஆல்ப்ஸ் மலையைக் கடந்து, இத்தாலியிலுள்ள கனோசாக் கோட்டை வாயிலில், கடும்பனியில், வெறுங்காலுடன் மூன்று நாட்கள் நின்றார். இதனைத் தோல்வி என்பர் பலர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மன்னிப்பு வேண்டி வந்தவரைத் துரத்தக் குருவானவரால் இயலுமோ? மன்னிப்புப் பெற்ற ஹென்றி, 1084இல் ரோமாபுரியைக் கைப்பற்றி, தம் தரப்புப் போப்பின் கையால் சக்கரவர்த்தியாக முடிசூடினார். கிரெகோரி மறு ஆண்டே சலேர்னோ நகரில் உயிர் நீத்தார். வழக்கோ, 1122இல் வோர்ம்ஸ் உடன்படிக்கை ஏற்படும் வரை நீண்டது.