பச்சரிசி, ஐஸ் கட்டி, சாக்லேட்... சாப்பிடணும்னு தோணிக்கிட்டே இருக்கா? சத்துக் குறைபாட்டின் அறிகுறி எது, வெறும் ஆசை எது?

மறைமலை நகரில் தொடங்கி சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் வரை நீளும் தொழிற்சாலைப் பகுதியில், ஷிப்ட் மாறும் நேரம் வந்தால் கம்பெனி பேருந்துகள் வரிசை கட்டும். நைட் ஷிப்ட் முடித்து இறங்குபவர்கள் முதலில் தேடுவது டீக்கடையைத்தான். ஒருவருக்கு சூடான பஜ்ஜி, இன்னொருவருக்கு தேங்காய் பன், வேறொருவருக்கு சாக்லேட். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: "உடம்பு கேட்குது, அதான் சாப்பிடுறேன்."

இந்த நம்பிக்கைக்கு ஆதரவாக வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலும் சுற்றி வருகிறது. சாக்லேட் சாப்பிடத் தோன்றினால் மெக்னீசியம் குறைவு, சிப்ஸ் கேட்டால் சோடியம் குறைவு, கறி கேட்டால் இரும்புச்சத்து குறைவு என்று அது சொல்கிறது.

இன்னொரு பக்கம், பலர் வெளியில் சொல்லத் தயங்கும் ஒரு பழக்கம் இருக்கிறது. பச்சரிசியை வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பது, ஐஸ் கட்டியை நறுக் நறுக்கென்று கடிப்பது, சிலேட்டுக் குச்சி, சாக்பீஸ், திருநீறு, மண் என்று தின்பது. "கெட்ட பழக்கம்" என்று வீட்டில் திட்டுவார்கள் என்பதால் மறைத்துச் சாப்பிடுபவர்களே அதிகம்.

இந்த இரண்டில் எது உண்மையான சத்துக் குறைபாட்டின் அறிகுறி? மருத்துவ அறிவியல் தரும் பதில், பலரும் நினைப்பதற்கு நேர் எதிரானது.

சாக்லேட் ஆசை மெக்னீசியம் குறைவாலா?

சாக்லேட்டில் மெக்னீசியம் இருப்பது உண்மைதான். ஆனால் நிலக்கடலை, கேழ்வரகு, முருங்கைக்கீரை, பயறு வகைகளிலும் மெக்னீசியம் நிறையவே இருக்கிறது. உடம்பு மெக்னீசியத்தைத்தான் கேட்கிறது என்றால், நள்ளிரவில் யாருக்காவது முருங்கைக்கீரைப் பொரியல் மீது ஆசை வந்திருக்க வேண்டும். அப்படி வருவதில்லை.

இதை 1994-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். சாக்லேட் மீது தீராத ஆசை கொண்டவர்களுக்கு, ஆசை வந்த நேரத்தில் ஒரு முறை மில்க் சாக்லேட், ஒரு முறை கோகோ தூள் இல்லாத வெள்ளை சாக்லேட், ஒரு முறை கோகோ தூள் அடைத்த மாத்திரை எனக் கொடுத்தார்கள். மெக்னீசியம் உள்ளிட்ட கோகோவின் சத்துகள் எல்லாம் அந்த மாத்திரையில் இருந்தன. ஆனாலும் ஆசை அடங்கவில்லை. கோகோ தூளே இல்லாத வெள்ளை சாக்லேட்தான் ஓரளவு ஆசையைத் தணித்தது. அதாவது மனம் கேட்டது சத்தை அல்ல. இனிப்பும் கொழுப்பும் சேர்ந்து வாயில் கரையும் அந்தச் சுவையை.

அப்படியென்றால் இந்த ஆசை எங்கிருந்து வருகிறது?

முக்கியமான காரணங்கள் மூன்று. தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர்களுக்கு மூன்றுமே பழக்கமானவை.

முதலாவது, ஒரே மாதிரி சாப்பாடு. 2000-ம் ஆண்டில் வெளியான ஒரு ஆய்வில், சிலருக்கு சில நாட்கள் இனிப்பான திரவ உணவை மட்டுமே கொடுத்தார்கள். தேவையான சத்துகள் அனைத்தும் அதில் இருந்தன. சத்தில் எந்தக் குறையும் இல்லாதபோதும், இளம் வயதினருக்கு மற்ற உணவுகள் மீதான ஆசை அதிகரித்தது. தினமும் அதே கேன்டீன் சாம்பார், அதே ஹாஸ்டல் ரசம் என்று சாப்பிடுபவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி மீது வெறியே வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இரண்டாவது, தூக்கக் குறைவு. 2004-ல் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் தலா 4 மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பரிசோதித்தார்கள். போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18 சதவீதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் 28 சதவீதம் கூடியது. இனிப்பு, உப்பு நொறுக்குத்தீனி, மாவுப் பண்டங்கள் மீதுதான் அவர்களுக்கு நாட்டம் அதிகமானது. நைட் ஷிப்ட் முடிந்ததும் பஜ்ஜி கூப்பிடுவது சத்துக் குறைவால் அல்ல, தூக்கக் குறைவால்.

மூன்றாவது, பழக்கம். தினமும் 11 மணி டீயோடு பிஸ்கட் சாப்பிட்டுப் பழகியவருக்கு, 11 மணி ஆனாலே நாக்கு தேடும்.

"உடம்புக்குத் தெரியாதா என்ன?"

இந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு பழைய ஆய்வும் இருக்கிறது. 1920-களில் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர், தாய்ப்பால் மறந்த குழந்தைகளுக்கு முன்னால் பல உணவுகளை வைத்து, விரும்பியதைத் தாங்களே எடுத்துச் சாப்பிடவிட்டார். குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தார்கள். எலும்பு பாதிப்பு இருந்த ஒரு குழந்தை, மீன் எண்ணெயைத் தானாகவே குடித்து வந்து குணமானதாகவும் பதிவாகியிருக்கிறது.

ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தட்டுகளில் இருந்தவை பால், முட்டை, இறைச்சி, பழம், காய்கறி, தானியம் போன்ற இயற்கை உணவுகள் மட்டுமே. சர்க்கரையோ பிஸ்கட்டோ இல்லை. எதை எடுத்தாலும் நல்லதுதான் என்ற நிலையில் குழந்தை தவறு செய்ய வாய்ப்பே இல்லை. இதை டேவிஸே குறிப்பிட்டிருக்கிறார். டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்பவரின் நிலைமை அப்படியா?

உப்பு மட்டும் கொஞ்சம் வித்தியாசம்

உப்பு விஷயத்தில் மட்டும் உடம்பு உண்மையாகவே கேட்கும் சந்தர்ப்பம் உண்டு. 1940-ல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஒரு சம்பவம் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன் உப்பைக் கை கையாக அள்ளித் தின்றுகொண்டிருந்தான். அவன் முதலில் கற்றுக்கொண்ட சொற்களில் ஒன்றே உப்பு என்பதுதான். மருத்துவமனையில் சேர்த்து வழக்கமான உணவு கொடுத்தபோது, தேவையான உப்பு கிடைக்காமல் சில நாட்களிலேயே இறந்துபோனான். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி பழுதானதால், உடலில் உப்பு தங்காமல் வெளியேறிக்கொண்டே இருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்தச் சிறுவனை அதுவரை காப்பாற்றி வந்ததே அவனது உப்பு ஆசைதான்.

இது மிக அரிதான நோய். உப்பு ஆசையோடு தீராத சோர்வு, எடை குறைவு, எழுந்து நின்றால் தலைசுற்றல், தோல் கருத்துப்போவது ஆகியவையும் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வெயிலிலும் சூடான பட்டறையிலும் வியர்த்து வேலை செய்பவர்களுக்கு உப்பு போட்ட மோர் இனிப்பதும் இயல்புதான்.

ஆனால் சிப்ஸ் ஆசைக்கு இது சாக்கு ஆகாது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. இந்தியர்கள் சராசரியாகச் சாப்பிடுவதோ 8 கிராம்.

பச்சரிசி, ஐஸ், மண்: இதுதான் உண்மையான அலாரம்

உணவாகக் கருதப்படாத பொருளைத் தின்னும் தீராத ஆசைக்கு மருத்துவத்தில் பைகா என்று பெயர். கண்டதையும் கொத்தும் ஒரு காக்கை இனப் பறவையின் லத்தீன் பெயர் அது. ஐஸ், மண், சாம்பல், சாக்பீஸ், சமைக்காத அரிசி எல்லாம் இந்தப் பட்டியலில் வரும்.

இதற்கும் இரும்புச்சத்துக் குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பு பல நாடுகளில் பார்க்கப்பட்டது. குறிப்பாக ஐஸ் கட்டி கடிக்கும் ஆசை. பலருக்கு இரும்புச்சத்து சிகிச்சை தொடங்கிய சில நாட்களிலேயே, ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பாகவே, இந்த ஆசை காணாமல் போய்விடுகிறது.

ஏன் ஐஸ்? முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. 2014-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ரத்தசோகை உள்ளவர்கள் ஐஸ் கடித்தபோது கவனச் சோதனையில் அவர்களின் வேகம் கூடியது. ரத்தசோகை இல்லாதவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை. சோர்ந்துபோன மூளைக்கு அது ஒரு தற்காலிக உசுப்பல் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதில்தான் முக்கியமான விஷயம் இருக்கிறது. ஐஸ் கட்டியில் இரும்புச்சத்து கிடையாது. பச்சரிசியில் இருப்பது மிகச் சொற்பம். சில வகைக் களிமண், உணவில் உள்ள இரும்புச்சத்தையும் உடல் உறிஞ்சவிடாமல் தடுத்துவிடும். அதாவது குறைபாடு நிஜம். ஆனால் அந்த ஆசை கைகாட்டும் பொருளில் மருந்து இல்லை. பச்சரிசி ஆசை என்பது அலாரம் மட்டுமே. பச்சரிசியைத் தின்றுகொண்டே இருந்தால் அலாரம்தான் அடித்துக்கொண்டிருக்கும், தீ அணையாது.

கூடவே ஆபத்துகளும் உண்டு. மண்ணில் புழு முட்டைகளும் ஈயமும் இருக்கலாம். ஐஸும் அரிசியும் பல் எனாமலைத் தேய்த்துவிடும்.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. நாடு முழுவதும் இது 57 சதவீதம். முந்தைய 2015-16 ஆய்வில் தமிழ்நாட்டின் அளவு 55 சதவீதமாக இருந்தது. சுருக்கமாகச் சொன்னால், இரண்டு பெண்களில் ஒருவருக்கு ரத்தசோகை. அதற்குக் காரணங்கள் பல இருந்தாலும், இரும்புச்சத்துக் குறைவுதான் முக்கியமானது.

இந்த எண் தொழிற்சாலைப் பகுதிக்கு ஏன் முக்கியம்? இங்கே எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் இளம் பெண்கள். ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகால் சிப்காட்டில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். வீட்டை விட்டு வந்து, அறைத்தோழிகளுடன் தங்கி, ஷிப்ட் நேரத்துக்குச் சாப்பிடும் வயது அது. "நின்னு வேலை பாக்குறோம், அதான் அசதி" என்று சோர்வை நினைத்துக்கொண்டால், ரத்தசோகை பல மாதங்களுக்குக் கண்ணில் படாமலேயே இருந்துவிடும்.

சத்துக் குறைபாடுகளில் பெரும்பாலானவை ஆசையாக வெளிப்படுவதில்லை. படியேறினால் மூச்சு வாங்குவது, வெளிறிய கண் இமை உட்புறம், படபடப்பு, முடி கொட்டுவது, கவனக் குறைவு என்றுதான் காட்டிக்கொடுக்கும். இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு தலைசுற்றலும் கவனக் குறைவும் சின்ன விஷயம் அல்ல.

மசக்கை ஆசைகளைத் தடுக்கலாமா?

கர்ப்பிணிகளுக்கு மாங்காய், புளி, ஊறுகாய் மீது ஆசை வருவது சத்துக் குறைவைக் காட்டுவதாக உறுதியான ஆதாரம் இல்லை. அளவோடு சாப்பிடுவதில் பெரிய தவறும் இல்லை. ஆனால் சாம்பல், மண், பச்சரிசி என்று கை போனால் "மசக்கைதானே" என்று விட்டுவிடக் கூடாது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக அதே ஆய்வு சொல்கிறது. பிரசவத்தில் ரத்தப்போக்கு ஏற்பட்டால், ஏற்கெனவே ரத்தம் குறைவாக உள்ள தாய்க்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

என்ன செய்ய வேண்டும்?

* பச்சரிசி, ஐஸ், மண், சாக்பீஸ் ஆசை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் அளவு பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11-க்கும், ஆண்களுக்கு 13-க்கும் குறைந்தால் ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் சேமிப்பு காலியாகியிருக்கலாம். ஃபெரிட்டின் பரிசோதனை அதைக் காட்டும்.

* அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஹீமோகுளோபின் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கும். காப்பீடு உள்ள தொழிலாளர்கள் இஎஸ்ஐ மருந்தகத்துக்கும் போகலாம்.

* காரணத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். அதிக மாதவிடாய் ரத்தப்போக்கு, கொக்கிப்புழு, மூலம், வயிற்றுப் புண் ஆகியவை இரும்புச்சத்தைக் கரைக்கும். ஆண்களுக்கு ரத்தசோகை வந்தால் உள்ளே ரத்தக்கசிவு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

* இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபி, பாலோடு சாப்பிடாதீர்கள். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யாவில் உள்ள வைட்டமின் சி, சத்தை உடல் ஏற்க உதவும். மலம் கருப்பாகப் போவது இயல்பு. பயந்து நிறுத்திவிட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப, மருத்துவர் சொல்லும் வரை தொடர வேண்டும்.

* சாப்பாடு முடிந்ததும் டீ குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். ஈரல், சுவரொட்டி, மீன், முட்டை, கீரை, பயறு, எள் ஆகியவற்றை வாரம் முழுக்க மாற்றி மாற்றிச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் வகை கூடினால் நொறுக்குத்தீனி ஆசையும் குறையும்.

* அடங்காத தாகம், அதிகப் பசி, அடிக்கடி சிறுநீர் எனச் சேர்ந்து வந்தால் அது ஆசை அல்ல, சர்க்கரை நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

சாக்லேட் கேட்கும் நாக்குக்கு மெக்னீசியம் மாத்திரை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டியதில்லை. ஆனால் அறைத்தோழி தலையணைக்குக் கீழே பச்சரிசிப் பொட்டலம் வைத்திருந்தால், கிண்டல் செய்யாமல் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பொட்டலத்தை ஒளித்து வைப்பதைவிட, ஒரு சொட்டு ரத்தம் கொடுத்துப் பார்ப்பது எளிது.