துண்டுத் துணியில் பூ பிறந்த கதை

கழுத்தில் சங்கிலி இல்லை, காதில் தோடு இல்லை, கையில் வளையலும் இல்லை. எடோ காலத்து (1603–1868) ஜப்பானியப் பெண்ணுக்கு நகை என்று ஒன்று இருந்தால், அது தலையில்தான்.

அந்த நகையைச் செருகும் கொண்டையே அப்போது புதிது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் அரண்மனைப் பெண்கள் கூந்தலை முதுகில் தழையவிட்டிருந்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் கூந்தல் மேலேறி விதவிதமான கொண்டைகள் ஆயிற்று. கொண்டை வந்தால் ஊசி வரும், ஊசி வந்தால் அலங்காரம் வரும். கன்சாஷி எனப்படும் அந்தக் கொண்டை ஊசியை வசதி உள்ளவர்கள் வெள்ளியிலும் ஆமை ஓட்டிலும் செய்து செருகிக்கொண்டார்கள்.

அரசுக்கு இது பிடிக்கவில்லை. 1841-ல் அமைச்சர் மிசுனோ தடகுனி தொடங்கிய தென்போ சீர்திருத்தம் பெண்களின் தலை அலங்காரத்திலும் கை வைத்தது. பல கன்சாஷிகளின் நுனியில் காது குடையும் சின்னக் கரண்டி இருக்கும். ‘இது நகை இல்லை ஐயா, காது குடையும் குச்சி’ என்று அதிகாரிகளிடம் சொல்லித் தப்பிக்கத்தான் அது என்று ஒரு கதை உண்டு.

தங்கமும் வெள்ளியும் எட்டாதவர்களுக்குக் கைகொடுத்தது துணி. கிமோனோத் துணி சுமார் 36 செ.மீ. அகலச் சுருளாக நெய்யப்படும். அதை வளைத்து வெட்டமாட்டார்கள், நேர்நேராகத்தான் வெட்டுவார்கள். பழசானால் தையலைப் பிரித்து வேறொன்றாகத் தைத்துக்கொள்ளலாம். கடைசியில் எதற்கும் ஆகாமல் மிஞ்சுவது இரண்டு விரல் அகலத் துண்டு. அந்தத் துண்டைக் கிள்ளி மடித்துப் பூவாக்கும் வேலைதான் ட்சுமாமி ஸைக்கு. எடோ நகரில் இது தொழிலாக வளர்ந்தபோது, கைவினைஞர்கள் ஹபுத்தாய் என்ற மெல்லிய வெள்ளைப் பட்டை வாங்கிச் சாயமேற்றிச் சதுரமாக நறுக்கத் தொடங்கினார்கள்.

இந்த வேலையில் இதழ் வடிவத்துக்குக் கத்தரிப்பதே இல்லை. எல்லா இதழும் சதுரத்திலிருந்துதான். சாமணத்தால் பிடித்து மூலைக்கு மூலை மடித்தால் முக்கோணம். இன்னொரு முறை மடித்தால் சின்ன முக்கோணம். மூன்றாவது முறையும் அப்படியே மடித்தால் கூரான இதழ், செவ்வந்திக்கு இது. மூன்றாவது மடிப்புக்குப் பதில் இரண்டு ஓரங்களையும் இருபுறமும் பின்னுக்குத் திருப்பி உச்சியோடு சேர்த்தால் உருண்டை இதழ். அப்படி ஐந்து வைத்தால் பிளம் பூ.

மடித்த இதழ்களைப் பசை தடவிய பலகையில் வரிசையாக நட்டு வைப்பார்கள். அடிப்பக்கம் பசையை உறிஞ்சியதும் எடுத்து அட்டையில் ஒட்டுவார்கள். பசை, அரிசி மாவுச் சத்தில் காய்ச்சியது. மெதுவாகத்தான் காயும். ஒட்டிய இதழைச் சாமணத்தால் தள்ளி, விரித்து, ஒழுங்கு செய்ய அந்த அவகாசம் வேண்டும்.

கியோட்டோவில் கெய்ஷா ஆகப் பயிலும் மைக்கோ பெண்கள் இன்றும் மாதம் தவறாமல் பூவை மாற்றுகிறார்கள். பிப்ரவரியில் பிளம், மார்ச்சில் கடுகுப்பூ, ஏப்ரலில் செர்ரி, நவம்பரில் சிவந்த மேப்பிள் இலை. முதல் ஆண்டுப் பெண்ணென்றால் பூவிலிருந்து இதழ்ச் சரங்கள் கன்னத்தோரம் தொங்கும். மூத்தவளுக்குத் தொங்கல் கிடையாது. மற்ற வீடுகளில் இந்தப் பூவைப் பார்க்க நவம்பர் 15-ஐ ஒட்டி வரும் ஷிச்சி-கோ-சான் விழா வேண்டும். மூன்று வயதும் ஏழு வயதும் ஆன சிறுமிகள் சூடிக்கொள்வார்கள்.

மற்ற நாட்களில் கிமோனோவும் இல்லை, கொண்டையும் இல்லை. அதனால் பூ காதுக்கும் கழுத்துக்கும் இறங்கி வந்திருக்கிறது. கம்மலுக்குப் பட்டுப்பூ நன்றாகவே பொருந்துகிறது: எவ்வளவு பெரிதாகச் செய்தாலும் காதை இழுக்காது. சிக்கல் பசையில்தான். அரிசிப் பசைக்கு ஈரம் ஆகாது; வியர்வையும் மழையும் பட்டால் இளகும். எனவே பலரும் மரவேலைப் பசைக்கு மாறிவிட்டார்கள். அது சீக்கிரம் காய்வதால் இதழைத் திருத்த நேரம் குறைவு.

துணியை மாற்றினாலும் கணக்கு மாறும். கூரான இதழில் துணி எட்டு அடுக்காகிறது. மெல்லிய பட்டில் அது தெரியாது. பருத்தியில் அடிப்பக்கம் புடைத்துக்கொண்டு பூ நிமிர்ந்து நிற்கும். ஆகவே மடித்த பிறகு அடியைச் சாய்வாகக் கத்தரித்து விடுகிறார்கள். சிரிமென் எனும் சுருக்கத் துணியில் உருண்டை இதழ் கொழுகொழுவென்று அமையும். ஆனால் பட்டுச் சிரிமென் பசை ஈரம் பட்டதும் சுருங்கும். பாலியஸ்டரில் அந்தத் தொல்லை அவ்வளவு இல்லை.

தூய பட்டும் அரிசிப் பசையும் இல்லாவிட்டால் அது ட்சுமாமி ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. மிஞ்சிய துண்டை வைத்துப் பிழைத்த கலைக்குப் பொருள் ஒரு நிபந்தனையாக இருக்க முடியாது. சதுரத் துணியும் சரியான மடிப்பும் இருந்தால் போதும், அது அந்தக் கலைதான்.