கந்தக வரத்து

உலகில் கிடைக்கும் கந்தகத்தின் பெரும்பகுதி கந்தக அமிலமாகிறது. 1 டன் கந்தகத்திலிருந்து சுமார் 3 டன் அமிலம் வரும். அந்த அமிலத்தை அதிகம் குடிப்பது உரத் தொழில். பாறை பாஸ்பேட் மண்ணில் எளிதில் கரையாது. அமிலம் சேர்த்தால்தான் பயிருக்கு உதவும். அப்படி உருவான சூப்பர் பாஸ்பேட்டுக்கு இங்கிலாந்தின் ஜான் பென்னட் லாஸ் 1842இல் காப்புரிமை பெற்றார்.

அந்நாளில் ஐரோப்பாவுக்குக் கந்தகம் தந்தது சிசிலித் தீவு. சுரங்கத்திலிருந்து தாதுவைச் சிறுவர்கள் முதுகில் சுமந்து மேலேற்றினார்கள். அதைக் குவித்துத் தீ வைப்பார்கள். கந்தகத்தில் ஒரு பங்கு எரிபொருளாகவே வீணாகும், மீதி உருகி வழியும். 1838இல் சிசிலியையும் ஆண்ட நேப்பிள்ஸ் அரசர் இரண்டாம் பெர்டினாண்ட் இந்த வணிகத்தின் ஏகபோகத்தைப் பிரெஞ்சு நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க, விலை எகிறியது. பிரிட்டன் 1840இல் போர்க்கப்பல்களை ஏவி ஒப்பந்தத்தை முறித்தது. அதற்குள் ஆங்கிலேய அமில ஆலைகள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கல்லை வறுக்கப் பழகிவிட்டிருந்தன. ஒரு ராஜாவின் அவசரம் போட்டிச் சரக்கை வளர்த்துவிட்டது. பின்னாளில் ஸ்பெயினிலிருந்து வந்த பைரைட்டில் செம்பும் இருந்ததால், ஒரே கல்லில் அமிலமும் உலோகமும் கிடைத்தன.

1894இல் அமெரிக்காவின் லூசியானாவில் ஹெர்மன் ஃபிராஷ் ஆளை இறக்காமலே கந்தகம் எடுத்தார். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று குழாய்கள்: வெளிக்குழாயில் கொதிநிலை தாண்டிய வெந்நீரை அழுத்தத்துடன் செலுத்தினால் கந்தகம் உருகும், உள்குழாயில் வரும் காற்று அதை நடுக்குழாய் வழியே நுரையாக மேலே தள்ளும். சிசிலியின் காலம் அதோடு முடிந்தது.

இன்று கந்தகத்துக்காகவே தோண்டுவது அரிது. பெட்ரோலிய எண்ணெய், இயற்கை எரிவாயு ஆகியவற்றைச் சுத்திகரிக்கும்போது அது கழிவாக வந்துவிடுகிறது. சிக்கலும் இங்கேதான்: விலை ஏறுகிறதென்று யாரும் கூடுதலாக எண்ணெய் சுத்திகரிக்க மாட்டார்கள். 2008இல் கந்தக விலை பல மடங்கு ஏறி, அதே ஆண்டு இறுதியில் சரிந்தது.

உலோகத் தொழில் இதில் இரு பக்கமும் நிற்கிறது. செம்பு உருக்காலைகள் புகையிலுள்ள கந்தக டைஆக்சைடைப் பிடித்து அமிலமாக விற்கின்றன. காங்கோவின் செம்புச் சுரங்கங்களும் இந்தோனேசியாவின் நிக்கல் ஆலைகளும் தாதுவைக் கரைக்க அமிலம் தேடி அலைகின்றன.

இந்தியாவில் பாரி நிறுவனம் 1906இல் ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் ஆலையைத் தொடங்கியது. அமிலம் விற்றுவந்த தூத்துக்குடி செம்பு உருக்காலையை, அதன் மாசுக்கு எதிரான போராட்டத்துக்கும் போலீஸ் துப்பாக்கிச்சூட்டுக்கும் பிறகு, 2018 மே மாதம் தமிழ்நாடு அரசு மூடியது. செம்போடு, தென்னிந்திய ஆலைகள் அங்கிருந்து வாங்கிவந்த கந்தக அமிலமும் நின்றுபோனது.